பெங்களூர் தீபாவளியும் நம்ம வீட்டு நாயும்: ஒரு மாசம் முன்னாடிலேருந்து துளசி ஹப்பா வரைக்கும்

முறுக்கு எங்க வீட்டு நாய். நாட்டு நாய்தான், வால் முறுக்கு மாதிரி சுருண்டு இருக்கும், அதான் பேரு. 2022 தீபாவளி அன்னிக்கு சாயங்காலம் ஏழு மணி வாக்குல காணாம போயிட்டான். வெடி சத்தத்துக்கு பயந்து ஓடிட்டான்னு ரொம்ப நாள் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். ஆனா யோசிச்சு பாத்தா சத்தம் காலைல நாலு மணிலேருந்தே கேட்டுட்டு இருந்துச்சு, அவனும் கட்டிலுக்கு அடியில நடுங்கிட்டுதான் இருந்தான், ஓடல. எதிர் வீட்டுக்கு அதிரசம் குடுக்கலாம்னு ஒரு கைல தட்டு, இன்னொரு கைல கதவுன்னு நான் நின்னேன் பாருங்க, அந்த நேரம் பாத்து கீழ ஒரு லக்ஷ்மி வெடி, என் காலுக்கு நடுவுல பூந்து மாடிப்படி இறங்கி போயே போயிட்டான். பத்து மணி நேரம் கழிச்சுதான் கெடச்சான், அந்தக் கதை கீழ வருது.

அதனால இதுல என்னென்னமோ எழுதியிருந்தாலும் நீங்க மறக்கக்கூடாதது ரெண்டுதான். ஒண்ணு கடிகாரம், இன்னொண்ணு கதவு.

1. மொதல்ல உங்க தெருவோட டைம்டேபிளை எழுதுங்க

சென்னைல இருக்கற என் தங்கச்சிக்கு தீபாவளின்னா ஒரு நாள், விடிகாலைல எண்ணெய் தேச்சு குளிச்சு வெடிச்சா முடிஞ்சுது, சாயங்காலம் கொஞ்சம் மத்தாப்பு. பெங்களூர்ல அப்படி இல்லீங்க. நாங்க இருக்கறது அல்சூர் பக்கம், ஒரே பில்டிங்ல தமிழ் குடும்பம் மூணு, கன்னடக்காரங்க ரெண்டு, மேல் மாடில ராஜஸ்தான் குடும்பம் ஒண்ணு. நரக சதுர்த்தசி அன்னிக்கு விடிகாலைல வெடிக்கறது நம்ம ஆளுங்க. அமாவாசை அன்னிக்கு ராத்திரி லக்ஷ்மி பூஜை முடிச்சுட்டு வெடிக்கறது மேல் மாடி. அதுக்கு அப்புறம் பலிபாட்யமி, அது கன்னடக்காரங்களுக்கு பெரிய நாள், அன்னிக்கு சாயங்காலம்தான் எங்க தெருவுல ஷாட்ஸ் அதிகம். ஆக நாய்க்கு மூணு தீபாவளி. 2024ல இன்னும் மோசம், அக்டோபர் 31 நரக சதுர்த்தசி, நவம்பர் 1 ராஜ்யோத்சவா (கர்நாடகா உருவான நாள்), நவம்பர் 2 பலிபாட்யமி, அடுத்த நாள் ஞாயித்துக்கிழமை, நாலு நாளும் லீவு, நாலு நாளும் சத்தம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. 2018 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் தீபாவளிக்கு ராத்திரி 8 மணிலேருந்து 10 மணி வரைக்கும்தான் வெடிக்கலாம்னு சொல்லிச்சு, தமிழ்நாடு காலைல வெடிக்கற வழக்கம்னு கேட்டதால அவங்களுக்கு அந்த ரெண்டு மணி நேரத்தை பிரிச்சு காலை 6-7, ராத்திரி 7-8ன்னு ஆச்சு. கர்நாடகால 8-10தான். அப்போ நம்ம ஆளுங்க இங்க நாலு மணிக்கு பத்த வெக்கற சரவெடி கணக்குலயே வராது, சொன்னா கோவம் வரும், சரி விடுங்க. பசுமை பட்டாசு வாங்கினா நாய்க்கு நல்லதான்னு கேப்பாங்க, அது முக்கியமா புகையை குறைக்கறதுக்காக செஞ்சது, அதுவும் வெடிக்கத்தான் செய்யும்.

ஒரு பேப்பர்ல மூணு நாலு நாளும் எழுதி எந்த நேரம் சத்தம், எந்த நேரம் அமைதின்னு போன வருஷத்தை நெனச்சு குறிச்சுக்கோங்க. எங்க தெருவுக்கு மத்தியானம் ரெண்டு மணிலேருந்து நாலு மணி வரைக்கும்தான் அமைதி, எல்லாரும் சாப்பிட்டு படுத்துடுவாங்க. முறுக்குவோட வாக்கிங், ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் அதுக்குள்ள முடிஞ்சாகணும்.

2. ஒரு மாசம் இருக்கா? சத்தத்தை பழக்கலாம்

மனுஷன் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், நாய்க்கு சுமார் 45,000 வரைக்கும் போகும். நமக்கு கேக்காத விசில் சத்தமெல்லாம் ராக்கெட் போகும்போது அதுக்கு கேக்குது. நம்ம நாட்டு விதிப்படி ஒரு வெடி 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல் வரைக்கும் போடலாம், பெங்களூர் சந்துல ரெண்டு பக்கமும் மூணு மாடி கட்டிடம், அது எதிரொலிச்சு எதிரொலிச்சு வரும்.

யூட்யூப்ல வெடி சத்தம் ரெக்கார்டிங் நிறைய கெடைக்கும். போன்ல வேண்டாம், ஒரு நல்ல ஸ்பீக்கர்ல போடுங்க, ஏன்னா போன்ல அந்த தொம்முன்னு வர அடி சத்தம் வராது. ரொம்ப ரொம்ப சின்ன வால்யூம்ல, நாய் காதை லேசா திருப்பிட்டு மறுபடி படுத்துக்கற அளவுக்கு. சத்தம் வந்த உடனே ஒரு துண்டு வேகவெச்ச சிக்கன். சத்தம், சிக்கன். சத்தம், சிக்கன். இந்த வரிசை மாறக்கூடாது, சிக்கனை காட்டிட்டு சத்தம் போட்டீங்கன்னா சிக்கனை பாத்தாலே பயப்பட ஆரம்பிச்சுடும். தெனம் அஞ்சு நிமிஷம் போதும், வாரம் ஒரு தடவை கொஞ்சம் வால்யூம் ஏத்துங்க, நாய் எழுந்து போச்சுன்னா ஏத்தினது தப்பு, பழைய இடத்துக்கே இறங்குங்க.

தீபாவளிக்கு நாலு நாள்தான் இருக்குன்னா இதை தொடவே தொடாதீங்க. அந்த நேரத்துல பண்ணா பயம்தான் கூடும்.

3. வெட்கிட்ட (நாய் டாக்டர்கிட்ட) போறது, இதை தள்ளிப்போடாதீங்க

உங்க நாய் எந்த லெவல்ல பயப்படுதுன்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. சத்தம் கேக்கும்போது அதுக்கு உயிருக்கு உயிரான தீனியை குடுத்து பாருங்க. சாப்பிட்டா சமாளிச்சுக்கலாம். முகத்தை திருப்பிக்கிச்சுன்னா, எச்சில் ஒழுகுச்சுன்னா, நாக்கை தொங்கப்போட்டு மூச்சு வாங்கிட்டு ரூம் ரூமா நடந்துச்சுன்னா, சுவத்தை பிராண்டுச்சுன்னா அதுக்கு நீங்க வீட்டுல பண்ற எதுவும் பத்தாது, மருந்து வேணும். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, எங்க அத்தைகூட "நாய்க்கு போய் மயக்க மாத்திரை குடுப்பியாம்மா"ன்னு கேட்டாங்க, மயக்கம் இல்ல அத்தை, பயம் போக மாத்திரைன்னு சொல்லி புரியவெச்சேன்.

சாதாரணமா வெட் எழுதறது கேபபென்டின், டிராசடோன் மாதிரி மாத்திரைங்க, சத்தம் ஆரம்பிக்கறதுக்கு ஒன்றரை ரெண்டு மணி நேரம் முன்னாடி குடுக்கணும், நாய் பயந்த அப்புறம் குடுத்தா சரியா வேலை செய்யாது. டைம்டேபிள் எழுத சொன்னது இதுக்கும்தான். எவ்வளவுன்னு எடை பாத்து வெட்தான் சொல்லணும், பக்கத்து வீட்டு லாப்ரடாருக்கு குடுத்த அளவை உங்க பொமரேனியனுக்கு குடுத்துடாதீங்க. இன்னொண்ணு, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு சாதாரண நாள்ல ஒரு தடவை குடுத்து பாருங்க. சில நாய் நல்லா தூங்கும், சில நாய் தள்ளாடும், எப்பயாவது ஒண்ணு இன்னும் துறுதுறுன்னு ஆயிடும், அதெல்லாம் அமைதியான நாள்ல தெரிஞ்சா போன் பண்ணி மாத்திக்கலாம்.

அசிப்ரோமசின்னு ஒரு பழைய மருந்து இருக்கு, அதை மட்டும் எழுதி குடுத்தா கொஞ்சம் கேள்வி கேளுங்க. உடம்பை அசைய விடாது, ஆனா உள்ளுக்குள்ள பயம் அப்படியே இருக்கும், பாக்கறவங்களுக்கு சமத்தா படுத்திருக்கற மாதிரி தெரியும். நம்ம வீட்டு அலமாரில இருக்கற பாரசிட்டமால், புரூஃபென், தூக்க மாத்திரை எதுவும் நாய்க்கு வேண்டவே வேண்டாம், பாரசிட்டமாலும் புரூஃபெனும் கல்லீரல் கிட்னின்னு உள்ள போய் கெடுத்துடும்.

பண்டிகை வாரத்துல கிளினிக் பாதி மூடியிருக்கும், போன் எடுக்க மாட்டாங்க. ராத்திரி திறந்திருக்கற இடம் எதுன்னு முன்னாடியே போன் பண்ணி கேட்டு நம்பரை ஃபிரிட்ஜ் மேல ஒட்டுங்க. குவீன்ஸ் ரோடு அரசு கால்நடை ஆஸ்பத்திரி, ஹெப்பாள் வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரி ரெண்டும் நமக்கு இருக்கற பெரிய இடங்க, லீவு நாள்ல எத்தனை மணி வரைக்கும்னு கேட்டு வெச்சுக்கோங்க.

4. ரூம்

தெருவை பாத்த ரூம் வேண்டாம், மத்த ரூமுங்களுக்கு நடுவுல இருக்கற ரூம், ஜன்னல் கம்மியா இருந்தா நல்லது. எங்க வீட்டுல அது வாஷிங் மெஷின் இருக்கற சின்ன ரூம். மெஷினை ஓட விட்டா அந்த கடமுடா சத்தம் வெளிய வர்ற சத்தத்தை மறைக்குது, முறுக்குக்கு அது சின்ன வயசுலேருந்து பழக்கம். துவைக்க துணி இல்லைன்னாகூட பழைய பெட்ஷீட் நாலை போட்டு ஓட்டுவேன், கரண்ட் பில் வந்தா வரட்டும். மெஷின் இல்லாதவங்க ஃபேனை ஃபுல்லா வெச்சு டிவியை போடுங்க, நாடகம் வேண்டாம், அதுல திடீர் திடீர்னு மியூசிக் வரும், கிரிக்கெட் மேட்ச் பரவால்ல.

ஜன்னல்ல கெட்டி பெட்ஷீட் ரெண்டு அடுக்கு, கதவுக்கு கீழ இருக்கற சந்துல ஈரத்துண்டு, புகையும் வராது. வானத்துல வர்ற வெளிச்சம்கூட பயமுறுத்தும், அதனால லைட்டை எரிய விடுங்க. காத்து வரணும், பாத்ரூம்ல போட்டு பூட்டிடாதீங்க, மூச்சு வாங்கிட்டு இருக்கற நாய் காத்தில்லாத இடத்துல சூடாகி விழுந்துடும். பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான ஜாதிங்களுக்கு இது ரொம்ப டேஞ்சர். உங்க பழைய சட்டை, துவைக்காதது, அதை படுக்கைல போடுங்க. இந்த இடத்தை தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ரெடி பண்ணி அங்கயே சாப்பாடு வைங்க, அப்பதான் அது தானா போய் படுக்கற இடமா ஆகும், அன்னிக்கு இழுத்துட்டு போய் அடைச்சா அது ஜெயில்தான்.

பயந்த நாயை தடவிக்குடுத்தா பயம் கூடிடும்னு ஒரு பேச்சு இருக்கு, நானும் நம்பிட்டு ஒரு வருஷம் முழுக்க அவனை பாக்காத மாதிரி உக்காந்திருந்தேன், இப்ப நெனச்சா பாவமா இருக்கு. பயம்கறது குடுத்தா வளர்ற பழக்கம் இல்லீங்க, பக்கத்துல வந்தா தாராளமா கட்டிக்கோங்க, தடவுங்க. ஆனா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சா இழுக்காதீங்க, அது தேடிக்கிட்ட இடம் அது. ஒரு துப்பட்டாவை காதை சுத்தி லேசா கட்டலாம், ஒத்துக்கிட்டா. காதுக்குள்ள பஞ்சு மட்டும் திணிக்காதீங்க, உள்ள போயிட்டா எடுக்க வெட்தான் வரணும்.

5. கதவு

எங்க வீட்டு ரூல் இப்ப இதுதான்: நாய் இருக்கற ரூம் கதவு மூடியிருந்தாத்தான் வாசக்கதவு திறக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல திறக்கவே கூடாது. வாசக்கதவுக்கு உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கேன், "முறுக்கு எங்க?" அவ்வளவுதான் எழுதியிருக்கு, விருந்தாளிங்க சமையல் குறிப்புன்னு நெனச்சுக்கறாங்க. பலகாரம் குடுக்க வர்றவங்களுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, பெல் அடிக்க வேண்டாம், போன் பண்ணுங்கன்னு. பெல் சத்தமே அந்த நாள்ல அதுக்கு இன்னொரு வெடி.

வீட்டுக்குள்ளயும் காலர் கழட்ட வேண்டாம், அதுல போன் நம்பர் எழுதின டேக் இருக்கணும், பேரு இல்லாட்டியும் பரவால்ல நம்பர் வேணும். மைக்ரோசிப் (தோலுக்கு அடியில வெக்கற அடையாள சிப்) போட்டிருந்தா அதுல பதிஞ்ச நம்பர் இப்ப இருக்கற நம்பர்தானான்னு பாருங்க, வீடு மாறி போன் மாறி பழைய நம்பரே இருக்கும். வெளிய கூட்டிட்டு போனா காலர்ல ஒரு லீஷ் (பிடிக்கற கயிறு), ஹார்னஸ்ல (நெஞ்சை சுத்தி மாட்டற பட்டைல) ஒரு லீஷ், ரெண்டும். பயந்த நாய் பின்பக்கமா இழுத்தா காலர் தலை வழியா கழண்டுடும், நாட்டு நாய்க்கு கழுத்தும் தலையும் ஒரே அளவு.

6. அன்னிக்கு எப்படி போகும்

விடிகாலை மூணேகாலுக்கு அலாரம் வெச்சு நான் எழுந்துப்பேன், நாய்க்காக மொத காபி குடிக்காம எழற ஒரே நாள். மூணரைக்குள்ள மொட்டை மாடில ஒண்ணுக்கு போக விட்டுட்டு ரூம்ல விட்டுடுவேன், மாத்திரை அதுக்கும் முன்னாடி, ரெண்டு மணிக்கே, என் வீட்டுக்காரர் ராத்திரி லேட்டா படுக்கற ஆளு, அந்த டியூட்டி அவருக்கு. ஒரே நாள்ல காலைலயும் சாயங்காலமும் ரெண்டு தடவை குடுக்கலாமான்னு வெட்கிட்ட கேட்டு வாங்கிக்கோங்க, நீங்களா குடுக்காதீங்க. காலை சாப்பாடு கொஞ்சமா போதும். மத்தியானம் ரெண்டுலேருந்து நாலுக்குள்ள நல்லா நீளமா ஒரு வாக்கிங், மோப்பம் பிடிக்க விடுங்க, அவசரப்படுத்தாதீங்க. அஞ்சு மணிக்கு வயிறு நிறைய தயிர் சாதம், சிக்கன். ஆறு மணிக்கு ரூம். அதுக்கு அப்புறம் ராத்திரி பதினொண்ணு வரைக்கும் வீட்டுல யாராவது ஒருத்தர் இருக்கணும், எல்லாரும் சேந்து மல்லேஸ்வரம் சித்தி வீட்டுக்கு கிளம்பிடக்கூடாது.

7. பலகாரம், விளக்கு, கம்பி

உலர் திராட்சைதான் நான் பயப்படற மொத பொருள், கேசரி, பாயசம், லட்டு எல்லாத்துலயும் இருக்கு, கிட்னியை கெடுக்கும், எத்தனை தின்னா ஆபத்துன்னு கணக்கே கெடையாது, நாய்க்கு நாய் மாறும். கிறிஸ்மஸுக்கு ஃப்ரேசர் டவுன்லேருந்து வர்ற பிளம் கேக்ல திராட்சையோட ரம்மும் சேந்து இருக்கும், டேபிள் ஓரத்துல வெக்காதீங்க. சாக்லேட் கிஃப்ட் பாக்ஸ், சுகர் ஃப்ரீ ஸ்வீட்ல சைலிட்டால் இருந்தா அது, வெங்காயம் போட்ட எதுவும், இதெல்லாம் கூடாது. மைசூர்பாகு விஷம் இல்ல, ஆனா அந்த நெய்யை நாயோட கணையம் தாங்காது, ரெண்டு நாள் வாந்தி எடுக்கும். தின்னுடுச்சுன்னா உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வெக்காதீங்க, என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு எழுதிட்டு வெட்டுக்கு போன் பண்ணுங்க, திராட்சை தின்னா கிட்னி கெட்ட அறிகுறி தெரியவே ஒண்ணு ரெண்டு நாள் ஆகலாம், அதுவரைக்கும் காத்திருக்கக்கூடாது.

எரிஞ்சு முடிஞ்ச மத்தாப்பு கம்பியை தண்ணி பக்கெட்ல போடுங்க, தரைல போட்டா பாதத்துல சுடும். சுட்டுச்சுன்னா ஓடற குழாய்த் தண்ணில பத்து இருபது நிமிஷம் காட்டணும், ஐஸ், மஞ்சள், பேஸ்ட், காபித்தூள் எதுவும் வேண்டாம். அகல் விளக்கை வால் படாத உயரத்துல வைங்க. வெடிக்காத வெடி, பாம்பு மாத்திரை ரெண்டையும் நாய் வாய்ல போட்டு பாக்கும், மறுநாள் காலைல வாசல் கூட்டாம நாயை இறக்காதீங்க.

8. ஓடிட்டா

அன்னிக்கு நாங்க என்ன தப்பு பண்ணோம்னா கும்பலா பேரை கத்திட்டே தெரு தெருவா ஓடினோம். பயந்துபோன நாய் வளர்த்தவங்க குரல் கேட்டாலும் வராது, கூட்டமா துரத்துனா இன்னும் தூரம் போகும். பெரும்பாலும் பக்கத்துலயே எங்கயாவது ஒளிஞ்சிருக்கும், வண்டிக்கு அடியில, சாக்கடை ஓரத்துல, கட்டிட வேலை நடக்கற இடத்துல.

ராத்திரி ஒரு மணிக்கு மேல சத்தம் அடங்கின அப்புறம் ஒருத்தர் ரெண்டு பேரா நடந்து போங்க, டார்ச்சை வண்டிங்களுக்கு அடியில அடிங்க, கண்ணு மின்னும். வீட்டு கேட்டை திறந்து வெச்சு அதோட படுக்கையை வாசல்ல போட்டு ஒருத்தர் அங்க உக்காரணும். போட்டோவை ஏரியா வாட்ஸாப் குரூப்ல போடறது சரிதான், ஆனா அந்த நேரத்துல முழிச்சிருக்கறவங்க வேற ஆளுங்க: ஆட்டோ ஸ்டாண்ட், நைட் வாட்ச்மேன், தெரு கூட்டற பௌரகார்மிக அம்மாங்க, நந்தினி பால் பூத். எங்களுக்கு தகவல் குடுத்தது பால் கிரேட் இறக்கிட்டு இருந்த பையன்தான், "அக்கா, சுருட்டை வால் நாய் ஒண்ணு டெம்போவுக்கு அடியில படுத்திருக்கு"ன்னான். மணி அஞ்சேகால். மார்க்கெட் பக்கம் ஒரு டெம்போவோட பின் சக்கரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒட்டிக்கிட்டு, முகமெல்லாம் கரி, கண்ணு மட்டும் வெள்ளையா தெரியுது, என்னை பாத்து உறுமறான். நான் வளர்த்தவ, என்னையே. கைய நீட்டல, பக்கவாட்டுல திரும்பி தரைல உக்காந்துட்டேன், பேசாம. கொஞ்சம் கொஞ்சமா மூக்கு வந்துச்சு, அப்புறம் தலை, அப்புறம் மொத்த உடம்பும் மடில. முக்கால் மணி நேரம் ஆச்சு. டெம்போ டிரைவர் நல்ல மனுஷன், வண்டி எடுக்காம டீ குடிச்சிட்டே நின்னாரு.

9. தெரு நாய்ங்க

பார்க்கிங் கேட்டை அந்த நாலு நாள் லேசா திறந்து விடுங்க, ஒரு மூலைல கோணிச்சாக்கு, தண்ணி. காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு அடியில பாருங்க, பானெட்ல ரெண்டு தட்டு தட்டுங்க. வால்ல வெடி கட்டற பசங்களை பாத்தா வீடியோ எடுத்துட்டு 112க்கு அடிங்க, 1960ம் வருஷத்து மிருகவதை தடுப்புச் சட்டம் இருக்கு, நாய்க்கு உயிர் போனாலோ ஊனமானாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325 பிரிவுல அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்.

எங்க பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ச்மேன் நேபாளத்துக்காரர். அவங்க ஊர்ல திஹார்னு கொண்டாடறாங்க, நம்ம நரக சதுர்த்தசி வாக்குலதான் அவங்களுக்கு குகுர் திஹார், நாய்ங்களுக்கு பூஜை. நாங்க பத்தாயிரம் வாலா பத்த வெக்கற காலைல அவர் கேட் பின்னாடி ரெண்டு தெரு நாய்க்கு சாமந்தி மாலை போட்டு நெத்தில செகப்பு பொட்டு வெச்சு பிஸ்கட் குடுத்துட்டு இருந்தாரு. வைரவருக்கு வாகனமே நாய்தான்னு தெரிஞ்ச நமக்கு அது தோணல பாருங்க.

10. முடிஞ்சிடுச்சுன்னு நெனக்காதீங்க

பலிபாட்யமி முடிஞ்ச மறுநாளும் ரெண்டு லீஷ் தொடரணும், மிச்சம் இருக்கற வெடியை பசங்க ஸ்கூல் விட்டு வந்து வெடிப்பாங்க, எப்பன்னு சொல்லமுடியாது. ஒரு நாளுக்கு மேல சாப்பிடலன்னா, வெளிய போகவே பயந்துச்சுன்னா வெட்டை திரும்ப பாருங்க. அதுக்கு மேல அமாவாசைலேருந்து பன்னெண்டாவது நாள் வாக்குல துளசி ஹப்பா (துளசி பண்டிகை) வரும், அன்னிக்கு ராத்திரி கன்னடக்காரங்க வீட்டுல துளசி மாடத்துக்கு விளக்கு ஏத்திட்டு ஒரு ரவுண்டு வெடிப்பாங்க, நம்ம காலண்டர்ல அது பெருசா போட்டிருக்காது, அதனால மறந்துடுவோம். வெட்கிட்ட மாத்திரை வாங்கும்போதே அந்த ராத்திரிக்கும் சேத்து கேட்டு வாங்கிடுங்க.